நடுத்தண்ணியில உருட்டு, அம்மணி

டயரில் காற்றை இறக்கும்போது வருகிற 'உஸ்ஸ்' சத்தம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"நல்லா இருக்கற டயர்ல எதுக்கு அம்மணி காத்த எறக்கற?"

31 வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவர். அதில் பெரும்பகுதி பொள்ளாச்சி – வால்பாறை மலைத்தடம். ஒவ்வொரு நடைக்கும் முன்னால் டயர் லிவரை எடுத்துக்கொண்டு ஆறு டயரையும் தட்டிக் கேட்பார். பின்னால் ஜோடி டயரில் உள்பக்கத்து டயர் காற்றில்லாமல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். நல்ல டயர் 'ணங்' என்று எகிறும், காற்று போனது 'தொப்' என்று அடங்கிவிடும். சின்ன வயதில் டிப்போ வாசலில் நின்று நான் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் முன்னால் 36 பி.எஸ்.ஐ. இருந்த நாலு டயரையும் நான் 24க்கு இறக்கிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் நின்றது பிரையரி பிராஞ்ச் கணவாயில். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஷெனண்டோவா மலை முகட்டில் இருக்கிறது. தார்ச்சாலை அங்கே பிரியும். இடப்பக்கம் போனால் ரெட்டிஷ் நாப் சிகரம், 4,397 அடி, மேல் வரை தார் போட்ட பாதை. நேராகப் போனால் மறுபக்கம் மேற்கு வர்ஜீனியாவுக்கு இறங்கிவிடலாம். வலப்பக்கம் கல்லும் மண்ணுமாகக் காட்டுக்குள் நுழைவது வனச்சாலை 85. ஃபிளாக்போல் நாப் என்கிற புல்வெளி முகட்டுக்குப் போகும். கரடுமுரடுப் பாதையில் முதன்முதலாக வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் எல்லோரும் கைகாட்டும் பாதை அது. எண் பலகை உள்ள, தரையிலிருந்து கொஞ்சம் உயரமான நாலுசக்கர இழுவை வண்டி இருந்தால் போதும். எதையும் மாற்றிப் பொருத்த வேண்டியதில்லை. என்னுடையது பழையதாக வாங்கிய டொயோட்டா ஃபோர் ரன்னர்.

காற்றை ஏன் இறக்குகிறோம் என்று அப்பாவுக்குச் சொன்னேன். டயர் கொஞ்சம் தளர்ந்தால் தரையில் படியும் பரப்பு நீளும், பிடிமானம் கூடும். கூரான கல் வந்தால் முறைத்துக்கொண்டு நிற்காமல் டயர் அதைத் தழுவிக்கொண்டு போகும். ஒரே வண்டி ஒரே பள்ளத்தில் 36இல் இடுப்பை ஒடிக்கும், 24இல் தொட்டில் மாதிரி ஆட்டும். பாதைக்கும் அது நல்லது, சக்கரம் சுழன்று மண்ணைப் பறிப்பது குறையும். ஒரே ஒரு நிபந்தனை, திரும்பத் தார்ச்சாலை ஏறுவதற்கு முன் காற்றை நிரப்பிவிட வேண்டும். தளர்ந்த டயரில் வேகமாகப் போனால் சூடேறி வெடிக்கும்.

"சூடேறும்" என்றதும் தலையாட்டினார். அது அவருக்குத் தெரிந்த பாஷை.

காலையில் ஹெர்ண்டனிலிருந்து கிளம்பி, நெடுஞ்சாலையில் ஹாரிசன்பர்க் வந்து, டேட்டன் ஊர் வழியாக மேற்கே திரும்பியிருந்தோம். அக்டோபர் மாதம். டேட்டன் பக்கம் பழைய மரபைவிடாத மெனோனைட் குடும்பங்கள் குதிரை வண்டியில் போவதைப் பார்த்து அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, குதிரையின் லாடத்தைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார். அதைவிட அவரை உலுக்கியது கோழிப்பண்ணைகள். ராக்கிங்ஹாம் கவுண்டி கோழிக்கும் வான்கோழிக்கும் பேர் போன இடம். வயல் நடுவே நீளநீளமாகக் கொட்டகைகள், காற்றில் அந்த நெடி. "பல்லடமாட்டவே இருக்குது" என்றார். அமெரிக்கா வந்த மூன்று வாரத்தில் அவர் முதன்முறையாக ஒரு ஊரைச் சொந்தமாகப் பார்த்தது அங்கேதான்.

எங்களுக்குப் பின்னால் தோழியும் அவள் கணவரும் இன்னொரு வண்டியில் வந்தார்கள். புதிதாகப் போகிறவர்கள் யாரும் தனி வண்டியில் போகவே கூடாது என்பது என் கறாரான எண்ணம். மலைப்பாதை சுலபமா கடினமா என்பதற்கு இங்கே வேலையில்லை. இந்த வட்டாரம் தேசிய ரேடியோ அமைதி மண்டலத்துக்குள் வருகிறது. கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கிக்கும் சுகர் குரோவ் ரேடியோ நிலையத்துக்கும் இடைஞ்சல் வராமலிருக்க, ரேடியோ அலைபரப்பைக் கட்டுப்படுத்துவதற்காக 1958இல் வரையப்பட்ட 13,000 சதுர மைல் பரப்பு அது. முகட்டில் கைப்பேசியில் ஒரு கோடுகூட வராத இடங்கள் நிறைய. கால் சுளுக்கினாலும் அச்சு முறிந்தாலும் உதவிக்கு இருக்கப்போவது பின்னால் வருகிற வண்டிதான். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாதையில் எந்த வண்டி எந்த மாதங்களில் போகலாம் என்று வனத்துறையே இலவசமாக வரைபடம் போட்டுத் தருகிறது. 2005இல் வந்த விதிப்படி, அந்த வரைபடத்தில் இல்லாத தடம் வண்டிக்கு மூடப்பட்ட தடம். அவ்வளவுதான் கணக்கு.

எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத் தொப்பி வாங்கியிருந்தேன். வேட்டைப் பருவம். அப்பா தொப்பியை மாட்டிக்கொண்டு வலப்பக்க இருக்கையில் ஏறினார். இங்கே அது பயணி உட்காரும் பக்கம், அவர் உடம்புக்கோ அது ஓட்டுநர் பக்கம். வழி நெடுக அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

தார் முடிந்ததும் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, குட்டிக் கம்பியை இழுத்து நாலுசக்கர லோ-வுக்கு மாற்றினேன். இந்த லோ கியர் இஞ்சினின் இழுவையை இரண்டரை மடங்கு பெருக்கி, வேகத்தை அதே அளவுக்குக் குறைத்துத் தரும். ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே வண்டி எருமை நடையில் ஊர்ந்து போகும். கட்டை விரல்களை ஸ்டியரிங்குக்குள் மடக்காமல் வெளியே வைத்துக்கொண்டேன். முன் சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும், உள்ளே இருக்கும் விரல் பிசகிவிடும்.

பாதை ஓக் மரங்களுக்கு நடுவே போனது. கூரை மேல் ஓக் கொட்டைகள் 'டொக், டொக்' என்று விழுந்துகொண்டிருந்தன. முதல் கால் மைல் வெறும் கூழாங்கல். அப்புறம் புதைந்த பாறைகள் தலைகாட்டத் தொடங்கின. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இங்கே ஒரு கை பிசகும். கல்லைக் கண்டால் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டப் பார்ப்பார்கள். தார்ச்சாலையில் அதுதான் பழக்கம். காட்டுப் பாதையில் அந்தக் கல் வண்டியின் வயிற்றைக் கிழிக்கும். சக்கரத்தை நேராகக் கல்லின் மேலேயே ஏற்ற வேண்டும், சக்கரம் ஏறினால் வண்டியும் சேர்ந்து உயரும், வயிறு தப்பும். டயரின் நடுப்பட்டை எதையும் தாங்கும், பக்கச் சுவர்தான் மெல்லியது. அதைக் கல்லில் உரசவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. பேசாமலிருந்தால் சரியாக ஓட்டுகிறேன் என்று அர்த்தம். அவர் பழக்கம் அப்படி.

அப்புறம் அந்தக் குட்டை வந்தது.

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். பாதையின் முழு அகலத்துக்கும் பழுப்புத் தண்ணீர், மூன்று வண்டி நீளம். அதன் இடப்பக்கம் புல்லை நசுக்கிக்கொண்டு ஒரு சுற்றுத்தடம். அந்தத் தடமும் சேறாகிவிட்டதால் அதற்கும் அப்பால் ஒன்று. அதற்கும் அப்பால் மரத்தின் வேரை உரசிக்கொண்டு மூன்றாவது. ஒரு வண்டி போக வேண்டிய பாதை, நாலு வண்டி அகலத்துக்குச் செத்த மண்ணாகக் கிடந்தது.

"ஓரமா போ அம்மணி, தடம் இருக்குதல்ல."

"அதுல போகக் கூடாதுங்கப்பா."

ஏன் என்று கேட்டார். இறங்கிப்போய்க் காட்டினேன். இரண்டாவது தடத்தின் ஓரத்தில், பக்கவாட்டாகச் சறுக்கி ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டிய ஒற்றைச் சக்கரத் தடம் இருந்தது. அதில் தண்ணீர் நின்றது, அதன் மேல் மஞ்சள் இலை ஒன்று மிதந்தது. அதைத் தோண்டியது நான்தான். போன வருஷம் இதே மாதம், வண்டி வாங்கிய புதிதில் வந்தபோது, தண்ணீரைக் கண்டு பயந்து ஓரமாக ஒடித்தேன். புல் பச்சையாகத் தெரிந்தது, கீழே களி. வலது பின்சக்கரம் இறங்கியது. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். மிதிக்க மிதிக்க அது கிணறு வெட்டியது.

அன்று பின்னால் வந்த ஒரு பெரியவர் தன் ஜீப்பில் பட்டை கட்டி என்னை இழுத்தெடுத்தார். கட்டுவதற்கு முன்னால், என் வண்டியின் பின்னால் இருந்த, டிரெய்லர் மாட்டுகிற இழுவைக் குண்டைத் தட்டி, இதில் மட்டும் ஒருநாளும் மாட்டாதே, முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து ஆளைக் கொன்றுவிடும் என்று எச்சரித்தார். குண்டைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த சதுரக் குழாய்க்குள் பட்டையின் காதைவிட்டு, இரும்பு ஊசியைக் கோத்து இழுத்தார். என்னைத் திட்டவில்லை. வண்டி வெளியே வந்ததும், நான் போட்ட பள்ளத்தைக் காலால் ஓரளவு தள்ளி மூடிவிட்டு, அடுத்த முறை நடுவில் போ என்றார். அதோடு போய்விட்டார்.

ஒரு வருஷம் ஆகியும் அந்தப் பள்ளம் ஆறவில்லை. என் தடத்தைப் பார்த்து இன்னும் பலர் அதே வழியில் போயிருக்கிறார்கள் என்பது மண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

குட்டைக்கு அடியில் இருப்பது பல வருஷம் வண்டி ஏறி இறுகிய கல்தரை. சுற்றிப்போகிற புல்லுக்கு அடியில் இருப்பது இறுகாத காட்டு மண். அதில் ஒரு வண்டி ஏறினாலே மண் அமுங்கி, வேருக்குக் காற்றும் நீரும் போகாது. மழை பெய்தால் சக்கரத் தடம் வாய்க்காலாகி மண்ணை அடித்துக்கொண்டு ஓடும். அது கீழே ஓடையில் போய்த் தெளிந்த தண்ணீரைக் கலக்கும். பயந்து ஓரம் போகிறவர்கள்தான் இந்தக் காட்டை அதிகம் புண்ணாக்குகிறோம். சேறடித்துக்கொண்டு வீராப்புக் காட்டுகிறவர்களைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். அவர்களைவிட எண்ணிக்கையில் நாம்தான் அதிகம்.

இந்தக் காடு ஒருமுறை அழிந்து திரும்பி வந்த காடு. இந்த மலைகளை மொட்டையடித்து மரம் வெட்டி முடித்த பிறகு, யாருக்கும் வேண்டாத நிலமாகக் கிடந்ததை 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் அரசு விலைக்கு வாங்கத் தொடங்கியது. 1918இல் ஷெனண்டோவா தேசிய வனம், 1932 முதல் ஜார்ஜ் வாஷிங்டன் தேசிய வனம் என்று பெயர். பெருமந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காகத் தொடங்கிய வனப்பணித் திட்டத்தின் முதல் முகாமே இந்த வனத்தில்தான் 1933இல் போடப்பட்டது. அந்தப் பையன்கள் மரம் நட்டார்கள், சாலை வெட்டினார்கள். இன்னொரு இழப்பும் உண்டு. இந்த முகடுகளில் ஒரு காலத்தில் நிறைந்து நின்ற அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களை 1904இல் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை சில பத்தாண்டுகளில் வாரிக்கொண்டு போனது. அடிக்கட்டைகள் மட்டும் இன்னும் சாகவில்லை. கிளைவிட்டு ஆள் உயரத்துக்கு மேலே வரும், தண்டு கொஞ்சம் பருத்ததும் நோய் தாக்கிக் கருகும், மறுபடி துளிர்க்கும். மூன்றாவது சுற்றுத்தடத்தின் ஓரத்தில் அப்படி ஒரு துளிர் நின்றது. நீள இலை, ரம்பம் மாதிரிப் பல். யாரோ ஒருவருடைய டயர் அதற்கு ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது.

அப்பா அதைக் குனிந்து பார்த்தார். "டாப்ஸ்லிப்புலயும் இப்படித்தான். மரத்த வெட்டி உருட்டி உட்டு உட்டே மலைக்கு அந்தப் பேரு வந்துது" என்றார். நம் ஊரில் காப்புக்காட்டுக்குள் இப்படிச் சொந்த வண்டியைவிட்டால் குற்றம். ஆனைமலையில் அது அப்படித்தான் இருக்க வேண்டும், அங்கே யானை நடக்கிறது. அதனால்தான் இங்கே அனுமதிக்கப்பட்ட ஒற்றைத் தடத்தில் போகிறபோது எனக்குக் கூடுதலாகப் பொறுப்பு உறுத்துகிறது. தந்த தடத்தைவிட்டு விலகினால், தடம் தந்ததே தப்பு என்றாகிவிடும்.

பிறகு அவர் செய்ததை நான் செய்யச் சொல்லவே இல்லை. விழுந்து கிடந்த ஒரு கொம்பை எடுத்துக்கொண்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

"ஐயோ, தண்ணி ஜில்லுனு இருக்குங்கப்பா, நான் எறங்கறேன்!"

"நீ வண்டியில ஏறு. தரைப்பாலத்துல தண்ணி போறப்ப நாங்க எப்பிடிப் பாத்தோம்னு நெனைக்கற?"

இடத் தடத்தில் ஊன்றினார், வலத் தடத்தில் ஊன்றினார், நடுவில் ஊன்றினார். கொம்பு கல்லில் இடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஆழமான இடத்தில் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. அக்கரைக்குப் போய் என்னைப் பார்த்து நின்றுகொண்டு கையைத் தூக்கினார். முன்னால் நின்று வழிகாட்டுகிற ஆளை இங்கே ஸ்பாட்டர் என்பார்கள். அதற்கென்று கைச் சைகைகள் உண்டு, எல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் ஒன்றையும் பயன்படுத்தவில்லை.

"வா, வா, வா... லெஃப்ட் ஒடி. இன்னும் ஒடி. நேர் பண்ணு. ஹோல்டான்!"

நின்றேன். முன் சக்கரம் தண்ணீரின் விளிம்பில்.

"நடுத்தண்ணியில உருட்டு, அம்மணி. நிறுத்தாத. வேகமும் வேண்டாம். ரைட்... ரைட்!"

இறங்கியது. தண்ணீர் பம்பருக்கு முன்னால் சின்ன அலையாக எழுந்து எங்களுக்கு முன்னே நகர்ந்தது. அடியில் கல் 'கறகற'வென்றது. அலையை விரட்டாமல் அதே வேகத்தில் உருட்டிக்கொண்டு போனால் அது வண்டிக்கு முன்னால் பள்ளம் விட்டுக்கொண்டே போகும், இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறாது. பத்து எண்ணுவதற்குள் ஏறிவிட்டேன். அடுத்து தோழியின் வண்டி. அவளுக்கும் அதே "ஒடி", அதே "ஹோல்டான்". மதுரைக்காரி, அவளுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

கொம்பில் சேறு ஏறியிருந்த அளவை அப்பா கட்டை விரலால் ஒருமுறை அழுத்திக் குறித்தார். அதைத் தூக்கிப் போடாமல், கரையோரக் கல்லிடுக்கில் நட்டுவைத்தார். "பின்னால வர்றவனுக்குத் தெரியட்டும்."

அதற்கப்புறம் முகடு வரைக்கும் சொல்ல அதிகமில்லை. ஒரு ஏற்றத்தில் வலச் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது, மெல்ல அழுத்தியதும் மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டன. திடீரென்று மரங்கள் விலகி, வானம் அகலமாகத் திறந்தது. ஃபிளாக்போல் நாப். பரந்த புல்வெளி, கிழக்கே ஷெனண்டோவா பள்ளத்தாக்கின் வயல்கள், மேற்கே ஒன்றன் பின் ஒன்றாக மேற்கு வர்ஜீனியாவின் மலை வரிசைகள், கடைசி வரிசை நீலமா வானமா என்று பிரிக்க முடியாமல். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் பிரித்தோம். அப்பா புல்லில் உட்கார்ந்து, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வரையாடுகள் பேருந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பற்றித் தோழிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆழியாறிலிருந்து 40 வளைவுகள். ஒவ்வொன்றும் அவருக்கு எண்ணோடு ஞாபகம் இருக்கிறது.

இறக்கம்தான் ஏற்றத்தைவிடக் கடினம், அதுவும் அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் சரிவில் என் கால் பிரேக்கைத் தேடியபோதே அவர் ஆரம்பித்தார்.

"எந்தக் கியர்ல ஏறுனயோ..."

"அதே கியர்ல எறங்கோணும். தெரியுதுங்கப்பா."

லோ-வில் முதல் கியர். பிரேக்கைத் தொடாமல் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, கருகிய வாடை வந்து, கடைசியில் பிடிக்காமல் போகும். ஆழியாறு சோதனைச் சாவடியில் அந்த வாடையோடு வந்து நிற்கும் வெளியூர் வண்டிகளை அப்பா எத்தனையோ பார்த்திருக்கிறார். கல்லும் மண்ணுமான சரிவில் இன்னொன்றும் சேரும். பிரேக் பிடித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கும், சறுக்குகிற வண்டிக்கு ஸ்டியரிங் கேட்காது.

பாதி வழியில் எதிரே ஒரு ஜீப் ஏறி வந்தது. நான் ஒதுங்க இடம் பார்ப்பதற்குள் அப்பா கை நீட்டி, "நிறுத்து, அவன் ஏறறான், வழி உடு" என்றார். நம் மலைப்பாதைகளில் போர்டு போட்டிருக்கும் அதே விதிதான் இங்கேயும். ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கஷ்டம். தடத்தின் உள்ளேயே அகலமான ஓரிடத்துக்குப் பின்வாங்கி நின்றேன். ஜீப்பை ஓட்டி வந்த பெண் கடக்கும்போது ஜன்னல் வழியாக இரண்டு விரலைக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டி வருகிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு அதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து வந்தவர்களுக்கு அவரே ஜன்னலை இறக்கி ஒரு விரலைக் காட்டினார், தோழியின் வண்டிக்காக.

குட்டையில் கொம்பு நட்டபடியே நின்றது. அதன் ஓரம் ஈரமான புதுத் தடம் தெரிந்தது, தண்ணீருக்கு நேர் நடுவிலிருந்து ஏறி வந்த தடம். அந்த மூன்று வண்டிகளும் நடுவில் போயிருந்தன. கொம்பைப் பார்த்துத்தான் போனார்களா, அவர்களுக்கே தெரியுமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா, "உருட்டு, உருட்டு" என்றார்.

கணவாயில் தார்ச்சாலை ஓரம் வண்டியை நிறுத்தி, நாலுசக்கர இழுவையை எடுத்துவிட்டேன். பிடிமானமுள்ள தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டினால் வளைவில் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும். பிறகு குட்டி கம்ப்ரஸரை பேட்டரியில் மாட்டி ஒவ்வொரு டயராகக் காற்று பிடிக்கத் தொடங்கினேன். ஒரு டயருக்கு நாலைந்து நிமிஷம். வெயில் சாய்ந்து குளிர் ஏறிக்கொண்டிருந்தது. அளவுமானியில் 36 வந்ததும் குழாயைக் கழற்றினேன்.

அப்பா வண்டியின் பின்பக்கம் போய், கருவிப் பையிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து வந்தார். ஆரஞ்சுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முதல் டயரில் ஓங்கி ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதில் மட்டும் இரண்டு முறை தட்டினார்.

"இதுல இன்னும் கொஞ்சம் புடி."

மானியை வைத்துப் பார்த்தேன். 33.